பாதை பழுது

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். திருவெம்பாவை விரதத்தோடு காரைநகர்ச் சிவன் கோயிலுக்குப் போகத் துறைக்கு வந்தேன். பாதை மறுபடியும் பழுது. கழுத்தில் செபமாலையோடு கரம்பொன் ஊர் மீன்கார அக்கா ஒருவர், வெயிலில் காய்ந்த தன் ஓலைக்கடகத்து மீனுக்குக் கடல்நீர் தெளித்தபடி இருந்தார்.

வான் ஒன்றில் வந்திறங்கிய சுற்றுலா அதிகாரி ஒருவர் தன்னோடு வந்தவர்களுக்கு உரத்துச் சொன்னார்: “இந்தப் பழைய பாதையைத் திரும்பத் திறக்கப் போறம்.”

அக்கா துள்ளி எழும்பினார். “எப்ப தம்பி ஓடும்?”

“ஓடுற பாதை இல்லை அம்மா. அந்தக் காலத்திலை கப்பல் வந்த கடல்வழி. வெளிநாட்டுச் சனம் பார்க்க வரும்.”

“செத்த கப்பலுக்குப் பாதை திறக்கிறீர். உயிரோடை நிக்கிற எங்களுக்கு?”

வந்தவர்கள் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. கடகத்தைத் தூக்கி வானுக்குள் வைத்துத் தானும் ஏறினார். “யாழ்ப்பாணத்தாலை சுத்திக் காரைநகரிலை இறக்கிவிடும். சுணங்கினால் மீனோடை உம்மடை வானும் நாறும்.” பிறகு என்னைப் பார்த்தார். “கோயிலுக்குத்தானே அண்ணை? ஏறுங்கோ.”

ஏறினேன். விரதக்காரன் நான் மீன் வெடிலோடுதான் சிவன் முன்னால் போய் நின்றேன். அவர் என்னோடு கோபித்திருக்க மாட்டார். அவர் கோபிக்க வேண்டிய ஆட்கள் வேறு.