சந்தனம் வைத்த சிடி

சிடி டிரைவ் முனகும் சத்தம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. யாராவது பக்கத்தில் சிடி போட்டால் எழுந்து போய்விடுவேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் காலடிப்பேட்டையில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். எண்ணூர்த் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேருபவர்களுக்கு அங்கே கண், காது, மூச்சு எல்லாம் பார்ப்பார்கள். அச்செடுத்த தாள் கம்பெனிக்குப் போய்விடும். எங்களிடம் மிஞ்சுவது கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவு மட்டும். ஹார்டு டிஸ்கோ சின்னது, அடிக்கடி நிரம்பி உயிரை வாங்கும்.

அதற்காக லினக்ஸில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சனிக்கிழமை ஒரு மணிக்கு, நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, அது தானாக ஓடும். பதிவுகளைத் திரட்டி சிடியில் எழுதும், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும், சரியென்றால் ஹார்டு டிஸ்கில் இருப்பதை அழித்துவிடும். அதையே இன்னொரு சிடியிலும் போட்டு வைக்கலாமே என்றார் நிலையத்தின் டாக்டர் அம்மா. "சரிபார்த்துட்டுத்தான் மேடம் அழிக்குது" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஆயுத பூஜை வந்தது. எடை மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சிடிகளுக்கும் நானே வைத்தேன். பளபளக்கும் பக்கத்தில் விரல் படக்கூடாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் அல்லவா, ஜாக்கிரதையாக மேல்பக்கத்தில் வைத்தேன். பதிவைத் தாங்கும் மெல்லிய தகடு அந்த மேல்பக்கத்துப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

நாலைந்து வருஷம் கழித்து விம்கோ நகரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பாய்லர் சத்தத்தில் கணவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. நஷ்டஈடு தராமல், சேரும்போதே அவர் செவிடு என்று கம்பெனி சாதித்தது.

"சேர்ந்தப்ப நல்லாத்தான் சார் கேட்டுகினு இருந்தாரு. நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்க. அந்தப் பேப்பர் ஒண்ணு குட்தா போதும்" என்றார் அந்த அம்மா.

அவர் வேலைக்குச் சேர்ந்த வாரத்துச் சிடியை எடுத்தேன். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். வெள்ளித் தகடும் கூடவே உரிந்து வந்தது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. இருந்தாலும் டிரைவில் போட்டேன். அது முனகி முனகி, படிக்க முடியவில்லை என்று திரை முழுக்க எழுதியது. ஏழெட்டு தடவை முயன்றேன்.

"கெட்டுப்போச்சும்மா. வேற காப்பி இல்ல" என்றேன்.

பக்கத்தில் இருந்த கணவருக்கு நான் சொன்னது எதுவும் கேட்கவில்லை. டிரைவின் பச்சை விளக்கு மினுங்குவதைப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டி உரக்கச் சொன்னார்: "பொறுமையா பாரு நைனா. அவசரமில்ல."

அந்த அம்மா அவர் கையைப் பிடித்து எழுப்பினார். நான் சொன்னதை அவருக்குச் சைகையில் காட்டவில்லை. வாசல்வரை போய் அவர் திரும்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நானாவது எழுதிக் காட்டியிருக்கலாம். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.