வெள்ளைச் சேலையில் ஒட்டாத படகு

எழுபதுகளின் நடுவில், எங்கள் துறைமுக ஊரின் மில்லர்புரத்து வாடகை அறை ஒன்றில், தோலோடு தோலாகக் கிடந்தேன். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோல். வெயில் பட்ட முழங்கையின் நிறம். உறைகளாக வெட்டித் தைப்பது அக்கா, மேலே அச்சுக்கட்டையால் படம் பதிப்பது நான். அக்கா பள்ளிக்கூட டீச்சர். சம்பளமில்லாத விடுப்பில் இருந்தாள். திங்கட்கிழமை விடுப்பு முடியும். அதற்குள் தொழில் காலூன்றாவிட்டால் மறுபடி கரும்பலகை. அவளுக்குப் போக மனமில்லை.

வந்திருந்தது ஒரே ஆர்டர்: எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு அறுபது வேதாகம உறைகள், மேலே பாய்மரப் படகு.

"படகு நீலமா இருக்கணும்," என்றார் சங்கத் தலைவி. "சாயம் சேலைல ஒட்டப்பிடாது, பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெண்கள் வெள்ளைச் சேலை கட்டுவார்கள், வேதாகமத்தை மார்போடு அணைத்தபடி நடப்பார்கள். ஊரோ வேர்வையில் ஊறும் ஊர். சாயம் கசிந்தால் அறுபது மார்பிலும் படகு மிதக்கும்.

மை தேடி அலைந்தேன். ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மை தோலில் காயவே இல்லை. அச்சகத்து மை நாலு நாள் கழித்தும் விரலைப் பிடித்து இழுத்தது. துறைமுகத்தில் சாக்குக்குக் குறி போடும் மை கண்டபடி பரவி, படகைப் பூசணிக்காய் ஆக்கியது. சாயக்கடை அண்ணாச்சி நீலப் பொடி கொடுத்து, தண்ணீரில் கரைக்கச் சொன்னார். கரைத்தேன். திரிந்த பால் மாதிரி அடியில் குருணை தங்கியது. புட்டியோடு கடைக்கு ஓடினேன்.

"எந்தத் தண்ணில கரைச்ச?"

"கெணத்துத் தண்ணி அண்ணாச்சி."

"எம்மா, அது கடலுக்குத் தங்கச்சில்லா! நல்ல தண்ணில கரைக்கணும்."

எங்களுக்குத் தண்ணீர் என்றாலே உப்புதான். குடிப்பதற்குத் தனிப் பெயர், நல்ல தண்ணி. பேச்சுப் பழகிய நாளிலிருந்து தெரிந்த வித்தியாசம் கை வேலையில் மறந்துபோயிற்று. குடிக்கிற குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்துக் கரைத்தேன். பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் தெரிய, படகு தெளிவாக விழுந்தது. அக்கா நெற்றி வேர்வையைத் தொட்டு அதன்மேல் ஒரு தேய் தேய்த்து, நீல விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வேர்வையும் உப்புத் தண்ணிதானளா!"

தண்ணீரில் கரைந்தது தண்ணீருக்கே திரும்பும். தண்ணீரையே விட்டேன். நாற்காலிக்கு மெருகு போடும் தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பார்கள். எத்தனை வேர்த்த முதுகு சாய்ந்தாலும் அந்த மெருகு சட்டையில் ஒட்டுவதில்லை. ஸ்பிரிட்டில் கரையும் சாயம் வாங்கினேன், நீலம் ஒன்று, அது நிற்காவிட்டால் என்று கறுப்பு ஒன்று. அரக்கோடு கலந்தேன். அரக்கு, சாயத்தை அச்சின் கோட்டைத் தாண்ட விடாமல் பிடித்துக்கொண்டது. இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சேலைக்குத் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் வெள்ளைச் சேலை கட்டி, இடப்பக்கம் நீலப் படகு, வலப்பக்கம் கறுப்புப் படகு, இரண்டு உறைகளையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு திரேஸ்புரம் வரை நடந்தேன். மீன் கூடையோடு வந்த ஒருத்தி நின்று பார்த்தாள்.

"ஏளா, ரெண்டு வேதத்தச் சுமக்குற அளவுக்கு என்ன பாவம் பண்ணுன?"

"எது சாயம் போவுதுன்னு பாக்கேன்க்கா."

"இந்த வெயிலுக்குச் சாயமில்ல, நீதான் போவ!"

வீட்டில் வந்து பார்த்தோம். சேலையின் இடது பக்கம் மங்கலாக ஒரு நீலப் பாய்மரம். வலது பக்கம் வேர்வை மட்டும். தலைவியைக் கேட்காமலே அறுபதையும் கறுப்பில் பதித்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தலைவி உறையைக் கையில் எடுத்தார்.

"நீலம்லா கேட்டேன்?"

"கடல்தான் நீலம்," என்றாள் அக்கா. "தார் பூசின படகு எங்கன நீலமா இருக்கு?"

தலைவி தன் வெள்ளை முந்தானையின் நுனியை நாக்கில் நனைத்து, படகை மூன்று தரம் அழுத்தித் தேய்த்தார். நுனியை வெயிலில் விரித்துப் பார்த்தார். திருப்பிப் போட்டும் பார்த்தார்.

"ஏ டீச்சர், நாசரேத்து ஊருல என் நாத்தனா பாத்தா விடமாட்டா. அவ சங்கத்துக்கும் ஒரு நூறு சொல்லட்டா?"

"சொல்லுங்க," என்றாள் அக்கா. "டீச்சர்னு மட்டும் இனிமே கூப்பிடாதிய."