வெள்ளிக்கிழமையை வெட்டின அறிக்கை

பிழை எண்டால் என்ன எண்டு தெரியாத சனத்துக்கு நடுவில நான் பிழை பிடிச்சுச் சீவிக்கிறன். சொஃப்ட்வெயார் சோதிக்கிறதுதான் என்ர வேலை. ஆரோ எழுதி அனுப்புற ஃபோன் அப்பை எடுத்து, அது எந்த இடத்தில பிழைக்குது எண்டு பாத்து, பிழைக்கிற விதத்தை எழுதி அனுப்பவேணும். திருகோணமலை டவுணில ஒரு மருந்துக்கடைக்கு மேல எங்கட கந்தோர், கொழும்புக் கொம்பனி ஒண்டின்ர கிளை. யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். ஆனால் திறக்க விடமாட்டினம், ஏசிக் குளிர் போயிடுமாம்.

எழுதுறதில என்ன பெரிய வித்தை எண்டு கேப்பீங்கள். ஒரு வித்தையும் இல்லை. என்ன செய்தனீங்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்கவேணும். இந்த மூண்டையும் எழுதினால் சரி. எந்த ஃபோனில, எந்த நேரத்தில எண்டும் போட்டால் கோடி புண்ணியம். வாசிக்கிற ப்ரோக்கிராமர் நாங்கள் நடந்த அதே வழியில நடந்து போய், நாங்கள் விழுந்த அதே குழியில விழவேணும், அவ்வளவுதான். எங்கட கந்தோரில எல்லாருக்கும் பட்டம் இருக்கு. இது மட்டும் ஒருத்தருக்கும் வராது.

எனக்கு வாற அறிக்கையளை நீங்கள் பாக்கவேணும். "வேலை செய்யேல்லை." முடிஞ்சுது. "திடீரெண்டு நிண்டிட்டுது." எது நிண்டது, மூச்சோ? "ஒரு மாதிரிக் காட்டுது." ஒரு மாதிரி எண்டால் எந்த மாதிரி எண்டு திருப்பிக் கேட்டால், "அதான் அக்கா, ஒரு மாதிரி" எண்டு பதில் வரும். டொக்டரிட்டப் போய்ச் சுகமில்லை எண்டு மட்டும் சொல்லிப்போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில இருக்கிற ஆக்கள் இவை. ஒருத்தர் ஒருக்கா படம் எடுத்து அனுப்பினவர். படத்தில அவரின்ர பெருவிரலும் ஃபிளாஷ் வெளிச்சமும்தான் கிடந்தது. பிழை எங்க எண்டு கேட்டதுக்கு, விரலுக்குக் கீழ எண்டு எழுதினார். அந்த மனுசனுக்கு அந்த வருசம் பதவி உயர்வும் குடுத்தவை.

இவையை ஒரு பக்கம் வையுங்கோ. எங்கட மனேச்சர் தனி ரகம். மற்றவைக்கு எழுதத் தெரியாது, இவருக்கு எழுதினதை வாசிக்கவே பயம். கொழும்புக்குப் போற ஒவ்வொரு அறிக்கையும் இவரின்ர கையாலதான் போகவேணும், அப்பதான் கந்தோரின்ர மரியாதை நிக்குமாம். நான் "உடையுது" எண்டு எழுதினால் இவர் "மேம்படுத்த இடமுண்டு" எண்டு மாத்துவார். "பிழை" எண்டு எழுதினால் அது "அவதானிப்பு" ஆகிப்போகும். ஒருநாள் ஒரு அப் ஆக்களின்ர பிறந்த திகதி முழுக்க அழிச்சுப்போட்டுது. அதுக்கு இந்தாள் போட்ட தலைப்பு, "தரவுகள் தொடர்பான ஒரு சிறு கோரிக்கை." பூசி மெழுகுறதுக்கு ஆரும் பரிசு குடுக்கிறதெண்டால் வேற ஊரில ஆள் தேடத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது யாட் விசயம். சீனன்குடாப் பக்கம், துறைமுகக் கட்டுப்பாட்டு எல்லைக்குள்ள ஒரு தனியார் யாட் இருக்கு, படகும் சின்னக் கப்பலும் திருத்துற இடம். அங்க வேலை செய்யிற ஆக்கள் உள்ளுக்கு வரேக்கயும் வெளியில போகேக்கயும் கேற்றில ஒரு கமராவுக்கு முகத்தைக் காட்டவேணும். அது வரவு போடும். அந்த அப்பை எழுதினது கொழும்பில இருக்கிற எங்கட ப்ரோக்கிராமர் தம்பி. சோதிக்கிறது நான். பரீட்சார்த்தமா ஒரு மாசத்துக்கு, கொஞ்ச ஆக்களோட தொடங்கினது.

யாட்காரர் ஒரு நிபந்தனை வைச்சவை. ஒரு மாசத்தில நாலு அரைநாள் வரவு விழுந்தால், துறைமுக எல்லைக்குள்ள வர அந்த ஆளுக்குக் குடுத்த பாஸ் தானாப் பூட்டுப்படும். அந்தப் பாஸ் பூட்டினால் லேசில திறக்காது. கிராம சேவகரிட்டக் கடிதம், பொலிஸ் றிப்போட், பிறகு பாதுகாப்பு அனுமதி எண்டு மாசக்கணக்கில அலையவேணும். அலையிற காலம் முழுக்க வேலை இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் கேற் செக்கியூரிட்டி எனக்கு ஃபோன் எடுத்தார். "மிஸ், உங்கட அப் பிழை." என்ன பிழை எண்டன். "ஒரு ஆளுக்குப் பிழை." எப்ப எண்டு கேட்க, "இப்பதான், மத்தியானம், சாப்பாட்டு நேரம்" எண்டார். அதுக்கு மேல அவரிட்ட ஒரு சொல்லும் கறக்க ஏலாமப் போச்சு. அடுத்த வெள்ளி நானே பஸ் ஏறிப் போய்க் கேற்றடியில நிண்டன்.

அண்டைக்குத்தான் வெல்டிங் நானாவைக் கண்டது. கிண்ணியா ஆள். என்னைவிட வயசு கூட, அதால அங்கத்தை முஸ்லிம் சனம் அண்ணனைக் கூப்பிடுற மாதிரி நானா எண்டு கூப்பிட்டுப் பழகிப்போச்சு. மற்ற நாளில எல்லாரும் யாட்டுக்குள்ளேயே இருந்து பார்சல் சாப்பாடு சாப்பிடுகினம், ஒருத்தரும் கேற்றைத் தாண்டிறேல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் நானா ஜும்மாத் தொழுகைக்குப் போறார். பள்ளி கொஞ்சம் தூரம். தொழுது, சாப்பிட்டு, திரும்பி வர ஒரு மணித்தியாலம் தாண்டும். ஒரு மணித்தியாலம் தாண்டினால், ஆள் வீட்டை போயிட்டார் எண்டு அப் முடிவு கட்டுது. அரைநாள் போட்டு மூடிப்போடுது. அவர் திரும்பி வந்து முகத்தைக் காட்டினால் சிவப்பு. பிறகு அந்திமட்டும் நெருப்புக்கு முன்னால குந்தியிருந்து ஒட்டினாலும் அதுக்கு எண்ணிக்கை இல்லை. சோதனைக்குச் சேர்த்த ஆக்களில தொழப் போறவர் அவர் ஒருத்தர்தான். அதால பிழையும் அவர் ஒருத்தருக்குத்தான்.

"தங்கச்சி, இது போன வெள்ளியும் இப்பிடித்தான்" எண்டார். "ஒரு மாசத்தில எத்தின வெள்ளி வரும் எண்டு உங்கட ஆக்களுக்குத் தெரியுமா?"

நான் கேற்றடியில நிண்டபடியே எழுதினனான். வெள்ளிக்கிழமை. மத்தியானம் கேற்றால வெளியில போய், தொழுதிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பி வாறவருக்கு அரைநாள் விழுகுது. முழுநாள் விழவேணும். இப்பிடியே விட்டால் இந்த ஆளின்ர பாஸ் மாசக் கடைசி வெள்ளியில பூட்டுப்படும். அவசரம். இதைவிடத் தெளிவா நான் ஒண்டும் எழுதினதில்லை. சின்னப் பிள்ளையும் வாசிச்சு அதே பிழையை உண்டாக்கிக் காட்டும்.

மூண்டாம் வெள்ளி நானா ஃபோன் எடுத்தார். "இண்டைக்கும் சிவப்புத்தான் தங்கச்சி."

அறிக்கையைத் திறந்து பாத்தன். பிழை இல்லை எண்டு முடிச்சு மூடிக் கிடந்தது. உள்ள என்ர எழுத்தில ஒரு சொல்லும் இல்லை. "சில வேளைகளில் சில பயனர்களுக்கு வரவு எதிர்பார்த்தவாறு பதிவாகாமல் இருக்கக்கூடும்." அவசரம் எண்டதை "வசதிப்படும் போது" எண்டு மாத்தியாச்சு. கீழ கொழும்புத் தம்பி எழுதியிருந்தார், என்ர பக்கம் சரியா வேலை செய்யுது எண்டு. செய்யாதோ பின்ன? அந்த வசனத்தைப் பாத்து அந்தத் தம்பி எந்தக் கேற்றால வெளியில போறது?

மனேச்சரின்ர அறைக்குள்ள போனன். வெள்ளிக்கிழமையை ஏன் சேர் வெட்டினீங்கள் எண்டு கேட்டன்.

அவர் கதவைச் சாத்தினார். குரலையும் தாழ்த்தினார். "மிஸ், இது மத விசயம். தொழுகை, வெள்ளி எண்டெல்லாம் எழுத்தில போடலாமோ? நாளைக்கு ஆரும் படம் எடுத்து பேஸ்புக்கில போட்டால் என்ன கதை வரும்? எங்கட ஊரில எல்லாரும் ஒற்றுமையா இருக்கிறம். அதை நாங்கள் கெடுக்கக் கூடாது."

"சேர், வெள்ளி கலண்டரில கிடக்கிற ஒரு நாள். அதை எழுதாட்டி பிழை எங்க எண்டு தெரியாது."

"நான் ஒருத்தரின்ர மனமும் நோகாமத்தான் எழுதினனான்."

அந்தப் பம்மாத்தைக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒற்றுமையாம். பக்கத்து ஊர் மனுசன் வெள்ளிக்கிழமையில எங்க போறார் எண்டு எழுதக் கை நடுங்குது, ஆனால் அவர் வேலை இழந்து நடுரோட்டில நிக்கிறதுக்கு ஒரு நடுக்கமும் இல்லை. இவர் காப்பாத்தினது ஒருத்தரின்ர மனத்தையும் இல்லை, தன்ர கதிரையைத்தான். கோழைத்தனத்துக்கு நல்ல சட்டை போட்டு, பெயரும் வைச்சு, ஊர்வலம் விடுகிற ஆள்.

நான் அவரைக் கேட்காமலே கொழும்புக்கு ஃபோன் எடுத்தன். தம்பி, வெள்ளி, மத்தியானம், வெளியில போ, ஒரு மணித்தியாலத்துக்கு மேல நில், திரும்பி உள்ளுக்கு வா எண்டு சொன்னன். நான் தேத்தண்ணி குடிச்சு முடியமுன்னம், கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிச் சோதிச்சுப்போட்டுத் திருப்பி எடுத்தார். "ஓம் அக்கா, விழுகுது. இதை ஏன் முதலே சொல்லேல்லை?" இந்தப் பிள்ளையையும் நான் விடுறதா இல்லை. மத்தியானத்தில வெளியில போற மனுசன் திரும்பி வரமாட்டார் எண்டு ஆர் உனக்குச் சொன்னது எண்டு கேட்டன். திருத்தின அப் வாற செவ்வாய் இல்லை, அதுக்கடுத்த செவ்வாய்தான் போகும், இடையில ஒண்டும் செய்ய ஏலாது எண்டார். நாலாம் வெள்ளி அதுக்கு முன்னம் வருது.

யாட் அதிகாரியிட்டக் கேட்டன், அந்தப் பூட்டை மட்டும் ஒரு கிழமைக்கு நிப்பாட்டி வையுங்கோ எண்டு. அவர் நியாயமாத்தான் கதைச்சார். மனேச்சரிட்ட இருந்து ஒரு மெயில் வரட்டும், நிப்பாட்டுறன் எண்டார். மனேச்சர் மெயில் போட்டவர்தான். "ஏதும் சிறு அசௌகரியம் ஏற்படின் பொறுத்தருளவும்." அவ்வளவுதான். பூட்டு எண்ட சொல்லே இல்லை. அதை வாசிச்ச அதிகாரி, நன்றி எண்டு பதில் போட்டார்.

வியாழன் நானாவுக்கு ஃபோன் எடுத்தன்.

"திருத்தியாச்சா தங்கச்சி?"

"இல்லை நானா. செவ்வாய்தான்."

"அப்ப நாளைக்கு நான் போனா?"

"பாஸ் பூட்டும்."

பின்னால கிரைண்டர் இரைஞ்சுது. பிறகு "சரி" எண்டார்.

அடுத்தநாள் பின்னேரம் மனேச்சர் என்ர மேசைக்கு நடந்தே வந்தார், நடக்கிற பழக்கமில்லாத மனுசன். ஃபோனைக் காட்டினார். யாட் வரவு முழுக்கப் பச்சை. "பாத்தீங்களோ மிஸ், நீங்கள்தான் துள்ளினது. இந்த வெள்ளி ஒருத்தருக்கும் அரைநாள் விழேல்லை. தானாச் சரிவந்திட்டுது."

நான் அந்தப் பச்சையைப் பாத்தன். நானாவின்ர பேருக்கு நேர, காலமை உள்ளுக்கு, பின்னேரம் வெளியில. நடுவில ஒண்டும் இல்லை. மனுசன் தொழப் போகேல்லை. அது இந்தாளுக்கு விளங்கவும் இல்லை, விளங்கப்படுத்த எனக்கு மனமும் இல்லை. நான் திரும்பத் திறந்து வைச்சிருந்த அறிக்கையை, என்ர கீபோட்டில கை வைச்சு மூடப் போனார். கையை எடுங்கோ சேர் எண்டு சொன்னன். இவ்வளவு வருசத்தில அவரோட அப்பிடிக் கதைச்சது அதுதான் முதல்தரம். எடுத்தார்.

செவ்வாய் திருத்தினது வந்தது. விழுந்திருந்த அரைநாளும் அழிஞ்சுது. அடுத்த வெள்ளி நானா கேற்றால வெளியில போய், தொழுது, திரும்பி வந்தார், கமரா பச்சை காட்டினது. கந்தோரில மனேச்சர் எல்லாருக்கும் தேத்தண்ணியோட தின்னப் பற்றீஸ் வாங்கினார். கொழும்புத் தம்பி பெருவிரல் தூக்கின படம் அனுப்பினார். நான் ஒரு மூலைக்குப் போய் நானாவுக்கு ஃபோன் எடுத்து, எல்லாம் சரிதானே எண்டு கேட்டன்.

"ஓம் தங்கச்சி, சரி. பள்ளியில எல்லாரும் கேட்டாங்க, போன வெள்ளி எங்க போன எண்டு."

"என்ன சொன்னீங்கள் நானா?"

"காய்ச்சல் எண்டன். வேற என்னத்தச் சொல்லுற? ஒரு கமராவுக்குப் பயந்து தொழாம இருந்தன் எண்டு சொல்ல வாய் வரல்ல. பள்ளிவாசல்ல நிண்டு பொய் சொல்லிட்டன்."

அவரின்ர குரலில கோவமே இல்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லா இருந்திருக்கும். ஃபோனை வைச்சிட்டுத் திரும்பினால் மனேச்சர் தட்டை நீட்டிக்கொண்டு நிக்கிறார்.

"எடுங்கோ மிஸ். கடைசியில ஒருத்தருக்கும் ஒரு பாதிப்பும் வரேல்லைத்தானே."

நான் எடுக்கேல்லை.