கழுத்து அடைப்பும் வெள்ளி அரைஞாணும்

கழுத்தின் இடப்பக்க ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றது டாப்ளர் ஸ்கேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முழு உடல் பரிசோதனைக்குப் போனதுதான் வினை. தாம்பரம் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: “மூளைய எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்போம் சார். கழுத்துலேர்ந்து கொழுப்புத் துணுக்கு எதுவும் மேலே போய் அடைக்கலைன்னா மாத்திரை போதும். அடைச்ச தழும்பு இருந்தா, பக்கவாதம் வர்றதுக்குள்ள குழாயைத் திறந்து சுத்தம் பண்ணிடலாம்.”

மாத்திரைதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அரசாங்கக் கோப்புகளிலேயே காலம் தள்ளியவன். முடிவை முதலில் எழுதிவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுவதுதான் எங்கள் நடைமுறை.

கூடுவாஞ்சேரி ஸ்கேன் சென்டரில் இருந்த பெண், “சார், உடம்புல மெட்டல் ஏதாவது இருக்கா?” என்றாள். வாட்ச், மோதிரம், பல்செட் எல்லாவற்றையும் அவள் கேட்பதற்கு முன்பே கழற்றித் தட்டில் வைத்திருந்தேன்.

“நடைமுறை எனக்குத் தெரியும்மா. ஒண்ணுமே இல்லை.”

“இடுப்புல கிடக்கிறது என்னவாம்?” என்றாள் என் மனைவி.

வெள்ளி அரைஞாண். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிடக்கிறது. தொப்பை மறைத்ததில் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிறது. வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்று பௌதிகம் பேசினேன்.

“கொக்கி எதுல செஞ்சதுன்னு தெரியுமா சார்?”

தெரியாது. அதன் திருகும் அசையவில்லை.

வெளியே காத்திருந்த ஆட்டோக்காரர் கட்டிங் பிளேயரோடு வந்தார். “இன்னா சார், இது ஒரு பேஜாரா? வயித்த உள்ள இஸ்துக்கோ.”

“இருங்கண்ணா!” என்று மனைவி மறித்தாள். உயிரோடு இருக்கிற ஆம்பளைக்கு இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாதாம். எதிர்க்கடையில் கறுப்புக் கயிறு வாங்கிவந்து கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகே பிளேயருக்கு அனுமதி தந்தாள். எந்த அலுவலகத்திலும் பொறுப்பு இவ்வளவு ஒழுங்காகக் கைமாறி நான் பார்த்ததில்லை.

மறுநாள் டாக்டர் திரையில் கடுகளவு தழும்பு ஒன்றைக் காட்டினார். “எப்பவோ ஒரு துணுக்கு மேலே போயிருக்கு. கை மரத்துப்போறது, பேச்சு குழறுறது, எதுவுமே தெரியலையா?”

“ஒண்ணுமே இல்லை.”

“இவர் உடம்புல என்ன இருக்குன்னு இவரைக் கேக்காதீங்க டாக்டர்,” என்றாள் மனைவி. “ஆபரேஷனுக்கு நாள் சொல்லுங்க.”

ஆபரேஷன் அன்று நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன்.

“கயிறுதான் சிஸ்டர். அது இருக்கட்டும்.”

கழுத்துத் தையல் ஆறிவிட்டது. இடுப்பில் கயிறுதான் அரிக்கிறது. வெளியே சொல்லவில்லை, சொன்னால் வெள்ளியில் புதிதாக வாங்கிவந்துவிடுவாள்.