சி கிரேடு இயர்போனும் நெல்லிக்குப்பம் ஏழுமலையும்

1. சிவப்பு நல்லா கேக்கும்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் வாடிக்கையாளர் இரண்டு இயர்போன்களைத் தூக்கிக் காட்டி, இதில் எது நன்றாகக் கேட்கும் என்று கேட்டார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் செல்போன் உதிரிப் பொருள் கடை அது. அதுவரை நான் இயர்போனைக் காதில் வைத்ததே கிடையாது. குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவின் சட்டைப் பையை விட்டு இறங்காது. "சிவப்பு நல்லா கேக்கும்" என்று அடித்து விட்டேன். அந்த மனிதரும் நம்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கல்லாவில் இருந்த முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திட்டவில்லை. "செல்வி, கலர பாத்து சொல்றதுக்கு இது பொடவ இல்ல. மாட்டிப் பாத்துட்டு சொல்லு" என்றார். அன்று தொடங்கியது. இருபது வருஷமாக எங்கள் கடைக்கு வரும் மலிவு விலை இயர்போன் ஒவ்வொன்றும் முதலில் என் காதுக்குள் போய்விட்டுத்தான் கண்ணாடி அலமாரிக்குப் போகிறது. மேஜை டிராயரில் பஞ்சும் ஸ்பிரிட் பாட்டிலும் எப்போதும் இருக்கும். கடைக்கு வந்த என் வீட்டுக்காரர் ஒருமுறை அந்த டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே ஊசி கூடப் போடுகிறீர்களா என்று கேட்டார்.

2. செவ்வாய்க்கிழமை பரீட்சை

எங்களுக்குச் சிதம்பரம் தெற்கு வீதியில் இன்னொரு கடை உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் பாஸ்கர். என்னைவிட ஐந்து வயது சின்னவர், பேச்சு குறைவு. புது சரக்கு வந்தால், கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கடலூருக்கு வந்துவிடுவார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு மாடலையும் மாட்டிக் கேட்டு, அட்டைப் பெட்டி மேல் மார்க்கரால் ஏ, பி, சி என்று கிரேடு போடுவோம். ஏ என்றால் கண் பார்வையில் தொங்கும். சி என்றால் கீழ்த்தட்டு.

பரீட்சைக்கு ஒரே பாட்டுதான். முதலாளிக்குப் பிடித்த குத்துப் பாட்டு. ஆரம்பத்திலேயே மேளம் இறங்கும். அந்த மேளம் நெஞ்சில் இடித்தால் ஏ. இடிக்காவிட்டால் என்ன குறை என்று தேடுவோம். அந்த இடிக்குப் பெயர்தான் பாஸ். பாஸ் அடித்தால் சரக்கு நிற்காது என்பது முதலாளியின் கொள்கை. அதில் தப்பும் இல்லை, நன்றாகவே விற்றது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டு சங்கதிகளை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு இயர்போனில் எது கொஞ்சம் ஜாஸ்தி சத்தமாகக் கேட்கிறதோ, அதுவே உசத்தி என்று காது ஏமாந்து போகும். அதனால் வால்யூமைக் கூட்டிக் குறைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். அடுத்தது ரப்பர் டிப். அது காதுத் துளையில் சரியாக அடைக்காவிட்டால் எப்பேர்ப்பட்ட இயர்போனிலும் பாஸ் காணாமல் போகும். இது தெரியாமல் முதல் இரண்டு வருஷம் நல்ல நல்ல சரக்கையெல்லாம் கீழ்த்தட்டுக்குத் தள்ளியிருக்கிறேன்.

பிறகு எனக்குக் காது பழகிவிட்டது. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. என் கிரேடுக்குப் பாஸ்கர் மறுபேச்சு பேசுவதில்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

அந்த நினைப்பில் இருந்தபோதுதான் வெள்ளை நிறத்தில், ஒல்லி ஒயரோடு ஒரு மாடல் வந்தது. வந்த எட்டு மாடலில் விலை குறைந்தது அதுதான். மாட்டிப் பார்த்தேன். மேளத்தையே காணோம். டிரெபிள் என்கிற மேல் சத்தம் மட்டும் ஏகத்துக்கு ஏறிப் பாடகி ஒவ்வொரு தடவை 'ச' சொல்லும்போதும் காதைக் குத்தியது. தகர டப்பாவில் மணல் கொட்டுகிற மாதிரி இருந்தது. பெரிய சி போட்டேன். இரண்டு நாளில் நான்கு பேர் திருப்பிக் கொடுத்ததும், பெட்டிகள் அத்தனையையும் பாஸ்கர் தலையில் கட்டினேன். "ஒங்க ஊர்லயே வித்துக்குங்க பாஸ்கர்" என்று கிண்டல் வேறு. அவர் சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டு போனார்.

3. சரி சரி

ஏழுமலை ஐயா வந்தது அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு அரவைப் பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் கலா, கணவரோடு மஸ்கட்டில் இருந்தாள். போனில் மகள் பேசுவது புரியவில்லை, நல்ல இயர்போன் வேண்டும் என்றார். அவரிடம் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

என் வழக்கப்படி குத்துப் பாட்டைப் போட்டு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டேன். எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மேளம் வந்த இடத்தில் விரலால் கண்ணாடியில் தாளம் கூடப் போட்டார். என் ஏ கிரேடிலேயே உச்சத்தில் இருந்த கறுப்பு மாடலைக் கொடுத்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும் என்று உத்தரவாதமும் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் காலை, ஷட்டர் தூக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பாட்டெல்லாம் அருமையா கேக்குது பாப்பா. எம்பொண்ணு பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கல" என்றார்.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. ஆறு மாதமாகவே மகள் பேசுவது அவருக்குப் புரியவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் அவ்வளவு தூரத்தில் இருக்கும் பிள்ளை கவலைப்படுமே என்று, அவள் என்ன சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா, நல்லா சாப்புடு" என்று சமாளித்துக்கொண்டு இருந்திருக்கிறார். போன வாரம் கலா ஏதோ கேட்டிருக்கிறாள். இவர் வழக்கம்போலச் சரிம்மா சொல்ல, அவள் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள். அது மட்டும் இவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போன் இல்லை. முந்தின நாள் ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்திருந்தது. பத்து தடவை போட்டும் புரியவில்லை என்று போனை என்னிடம் நீட்டினார்.

கேட்டேன். கலா ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு ஊருக்கு வரட்டுமா, அங்கேயே பார்த்துக்கொள்ளட்டுமா என்பதுதான் அவள் கேட்ட கேள்வி. அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று அவளுக்கு ஒரு தயக்கம். எதைக் கேட்டாலும் சரி சரி என்றால் அப்பாவுக்கு நான் வருவதில் இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம் என்றாள். இந்த வாரம் தாண்டினால் விமானத்தில் ஏற டாக்டர் விடமாட்டார், நாளைக்குள் பதில் சொல்லு என்று முடித்திருந்தாள்.

விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொல்லாத பாப்பா. ஊர்ல யார கேட்டாலும் சொல்லிருப்பாங்க. அவ கொரல்ல நான் கேக்கணும்."

எனக்குக் கோபமே வந்தது. விமானம் போய்விடும் போலிருக்கிறது, இந்த மனிதர் வீம்பு பிடிக்கிறாரே என்று. இன்று சாயங்காலத்துக்குள் உங்களுக்குக் கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன் என்று கெடு வைத்தேன். தலையாட்டினார்.

4. ஏழும் தோற்றன

கடையில் இருந்த ஏழு மாடலையும் எடுத்து வைத்தேன். இந்த முறை பாட்டு இல்லை, கலாவின் குரல்தான் பரீட்சை. முதல் வரியை மட்டும் போட்டு, என்ன கேட்டது என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன். கறுப்பில் ஏதோ பேசுகிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. நீலத்தில் 'அப்பா' மட்டும் கேட்டது. மீதி ஐந்திலும் அதே கதை. நான் ஏ போட்ட மூன்றும்தான் இருப்பதிலேயே மோசம். வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது.

என் தப்பு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குத்துப் பாட்டு ஊருக்கே மனப்பாடம். பாதி வார்த்தை காதில் விழாவிட்டாலும் மனசு நிரப்பிக்கொள்ளும். தெரிந்த பாட்டைப் போட்டு நான் இத்தனை வருஷமாகக் காதைச் சோதித்தேனா, ஞாபக சக்தியைச் சோதித்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேறு என்னென்ன கேட்பதில்லை என்று அவரை விசாரித்தேன். குக்கர் விசில் கேட்பதில்லையாம், குருவிச் சத்தமும் இல்லையாம். தெருவில் போகும் டிராக்டரும் லாரியும் நன்றாகக் கேட்கின்றனவாம். அரவை மிஷின் முப்பது வருஷத்தில் அவர் காதிலிருந்து மேல் ஸ்தாயி சத்தத்தை எடுத்துக்கொண்டு, கீழ் ஸ்தாயியை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. பேச்சில் எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது மேல் சத்தம்தான். எனக்கு முந்தானையை இழுத்துச் செருகத் தோன்றியது. டிரெபிள் குத்துகிற இயர்போன்தானே இவருக்கு வேண்டும்? என் காதைக் குத்தியது இவர் காதுக்குச் சரியாக இருக்குமே.

அந்தப் பெட்டிகளைத்தான் கிண்டல் பண்ணிச் சிதம்பரத்துக்கு அனுப்பியிருந்தேன்.

பாஸ்கருக்குப் போன் போட்டேன். ஒரு பெட்டிதான் மிச்சம் இருக்கிறது, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். காதுக்கு டிப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதால் ஐயாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். முதலாளியிடம் அரை நாள் லீவு சொன்னபோது, ஒரு இயர்போனுக்காகச் சிதம்பரம் போகிறாயா என்று கேட்டார். நான் கொடுத்த உத்தரவாதம் என்றேன். அப்படின்னா போய்ட்டு வா என்றார்.

5. தெற்கு வீதி

பாஸ்கர் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதில் நான் போட்ட சி குறுக்கே கோடு கிழித்து அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'பேச்சு' என்று எழுதியிருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"எங்க கடைக்கு படிக்கிற புள்ளைங்க ஜாஸ்திக்கா. பாடத்த ரெக்கார்ட் பண்ணி கேக்குறாங்க. கதாகாலட்சேபம் கேக்குற பெரியவங்களும் வராங்க. அவுங்களுக்கு மேளம் எதுக்கு? இதான் தெளிவா இருக்குன்னு வாங்கிட்டு போறாங்க."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலியேக்கா" என்றார். வலித்தது. ஆனால் கோபப்பட என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

ஐயாவுக்குப் பெரிய டிப் நிற்கவில்லை. சின்னதை மாட்டி, காது மடலைப் பின்னால் இழுத்துப் பிடித்து உள்ளே திருகினேன். பாஸ்கர் வெளிச் சத்தம் வராமல் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். மெசேஜைப் போட்டேன்.

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. "அப்பா... நான் வரட்டுமான்னு..." என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். விரலால் இன்னொரு தடவை என்று காட்டினார். மூன்று தடவை போட்டோம். இரண்டு மூன்று வார்த்தை அப்போதும் பிடிபடவில்லை, ஆனால் சங்கதி பிடிபட்டுவிட்டது. கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. பாஸ்கர் அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த கவர்களை மறுபடியும் அடுக்கினார்.

பதில் மெசேஜைப் பதிவு செய்ய ஐயா போனை வாயருகே வைத்து, ஆலையில் பேசிப் பழகிய குரலில் தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினார்.

"கலா, அப்பாவுக்கு காது கேக்கலடி. அத சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சரி சரின்னு சொல்லிட்டேன். நீ கெளம்பி வா. நான் சமைக்கிறேன்."

பத்து நிமிஷத்தில் கலா கூப்பிட்டாள். அந்தப் பேச்சை நாங்கள் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாசலில் போய் நின்றுகொண்டோம்.

6. கிரேடு

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் பரீட்சை மாறியது. ஒரு பாட்டு, அதோடு யாரும் முன்பின் கேட்டிராத ஒரு பேச்சு. பேச்சைப் பாஸ்கர்தான் பதிவு செய்து கொண்டுவருவார், கேட்டுவிட்டு நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏ, பி, சி போய்விட்டது. பாட்டுக்கு, பேச்சுக்கு, போனுக்கு என்று எழுதுகிறோம். காது கேட்கவில்லை என்று யார் வந்தாலும், இயர்போன் வைத்தியம் ஆகாது, முதலில் காது டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன். ஏழுமலை ஐயாவையும் அப்படித்தான் அனுப்பினேன். இப்போது அவரிடம் காது மிஷின் இருக்கிறது. வெள்ளை இயர்போனையும் அவர் விடவில்லை.

எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. யார் காதுக்கு, எதைக் கேட்க என்று திருப்பிக் கேட்கிறேன். இருபது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இந்த ஒரு கேள்விதான். இதைக் கற்க எனக்கு இத்தனை காலம் ஆனது, உங்களுக்கு ஆக வேண்டாம்.

சில மாதம் கழித்து ஐயா கடைக்கு வந்தார். பக்கத்தில் கலா, அவள் தோளில் பேரன். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு, அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஏங்க்கா அவருக்கு காது கேக்க வச்சீங்க? முன்னல்லாம் என்ன சொன்னாலும் சரின்னுவாரு. இப்ப ஒண்ணு ஒண்ணுக்கும் எதுத்துப் பேசுறாரு" என்றாள்.

"அது சரி" என்றார் ஏழுமலை ஐயா.