மரத்துக்கு ஐந்து நிமிடம்

பிரிக்பீல்ட்ஸில் சண்முகரத்தினத்தாரைத் தெரியாதவர் இல்லை. ரயில்வேயில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, ஆங்கில விண்வெளிப் படங்களில் சைவ சித்தாந்தத்தைக் கண்டுபிடித்தார். ராக்கெட்டில் போகிறவன் பசு என்கிற உயிர், போய்ச் சேருகிற ஒளி பதி என்கிற இறைவன். பாசம்? அது எரிபொருள். வெள்ளிதோறும் எங்கள் சங்கத்தில் இதைச் சொல்வார். நாங்களும் வடைக்காக உட்கார்ந்து கேட்போம்.

அவருக்கு மிகப் பிடித்த படத்தில் பூமி முழுக்கப் பாலைவனம். மிஞ்சிய ஒரே மரத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு மனிதர்கள் வேறு கிரகம் தேடிப் போவார்கள்.

"மரம்தான் கடவுள், விளங்குதோ?" என்று கண்ணைத் துடைப்பார்.

அதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று 1986-ல் சங்கத்துக்குப் பெரிய டெலிவிஷனும் வீடியோவும் வாங்க வைத்தார். மண்டபத்தில் இடம் போதவில்லை. பின்னால் இருந்த அரசமரத்தை வெட்டி மண்டபத்தை நீட்டுவது என்று கமிட்டி முடிவெடுத்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவரை நான் கேலி செய்ய முடியாது. முதலில் கை தூக்கியவர் அவர், கடைசியில் தூக்கியவன் நான். இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

சங்கத்தைக் கூட்டிப் பெருக்கும் வள்ளியம்மா அந்த மரத்தடியில் சூலம் நட்டு, இருபது வருஷமாக முனீஸ்வரருக்கு விளக்கு வைத்தவள்.

"சாமி எங்கய்யா போகும்?"

"கடவுள் எங்கும் இருக்கிறார், பிள்ளை. சூலத்தைச் சைக்கிள் கொட்டகைப் பக்கம் வையுங்கோ," என்றார் சண்முகரத்தினத்தார்.

மரம் லோரியில் போனது.

திறப்பு விழாவில் படம் ஓடியது. கடைசி மரம் வந்ததும் அவர் வழக்கம்போல் கண்கலங்கினார். பின்வரிசையிலிருந்து வள்ளியம்மா சூடத்தட்டோடு வந்து, டெலிவிஷன் முன்னால் நின்று, மரத்துக்குச் சூடம் காட்டினாள். யாரோ சிரித்தார்கள். அதற்குள் காட்சி மாறி ராக்கெட் வந்துவிட்டது.

"ஐயா, மரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கய்யா. நான் இன்னும் கும்பிடல."

சண்முகரத்தினத்தார் எழுந்துபோய் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினார். மரம் நடுங்கிக்கொண்டு நின்றது.

"அஞ்சு நிமிஷம்தான் நிக்கும், பிள்ளை. பிறகு மெஷின் தானா விட்டிடும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சூடம் எரிந்து முடிந்தும் திறக்கவில்லை. மெஷின் விட்டு, படம் ஓடத் தொடங்கியது. அவர் பதறிப்போய் மறுபடி பின்னுக்கு ஓட்டினார். பிறகு இன்னொரு தடவை. அவள் கண் திறக்கும்போது மரம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அன்று படத்தின் முடிவை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.