நெலிடா உண்மை சொன்ன புதன்கிழமை

பதினெட்டு வருடம் மாட்டிறைச்சி ஆலையில் நின்று, கெட்ட கறியை ஒதுக்கியவள் நெலிடா. ஆலையை மூடியதும் ஐம்பது வயதில் மாலை வகுப்பில் உட்கார்ந்து மென்பொருள் சோதிக்கக் கற்றுக்கொண்டு, உருகுவேயின் மொந்தெவிதேயோவில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். நிரல் எழுத நாங்கள் ஒன்பது பேர், சோதிக்க அவள் ஒருத்தி. அவள் குறை கண்டுபிடித்தால் எங்கள் வேலை கூடும். அதனால் அவளுக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தோம். எல்லோரும் ஒரே குடுவையில் உறிஞ்சும் மாத்தே தேநீர் சுற்றுக்கு வரும்போது வேண்டுமென்றே அவளைத் தாண்டிக் கொடுப்போம்.

“மாட்டுல புழு தேடின கண்ணு, சும்மா இருக்குமா?” என்பான் மேலாளர் கஸ்தோன். சிரிப்போம். நானும்தான். என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவள் கணவன் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தான். அவன் வைத்தியமெல்லாம் இவள் வேலையோடு வந்த காப்பீட்டில்தான் ஓடியது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஏப்ரலில் ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவு மென்பொருள் கொடுத்தோம். செவ்வாயில் விழும் விடுமுறையை எங்கள் நாட்டில் திங்களுக்குத் தள்ளிவிடுவார்கள். நான் எழுதிய நிரல் இரண்டு நாளையும் விடுமுறையாக்கிவிட்டது. சோதிக்க இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டாள் நெலிடா.

“இன்னிக்கே போகணும். சரின்னு ஒரு டிக் போட்டுட்டுப் போவியா, சும்மா நொய்நொய்னு!” என்றான் கஸ்தோன். போட்டாள்.

செவ்வாயன்று ரத்தச் சுத்திகரிப்புக்கு வந்த பதினோரு பேரை, பட்டியலில் பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒரு பெரியவர் மூன்றாம் நாள் இறந்துபோனார்.

உடனே எங்களைத் திருத்த புவனோஸ் அய்ரெஸிலிருந்து பியாங்கா என்று ஒருத்தியை வரவழைத்தார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தாள். மாத்தே யார் கையில் இருக்கிறதோ அவர் தன் தவறைச் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, சொன்னதற்குத் தண்டனையும் கிடையாது.

“நான் அளவுக்கு மீறி உழைக்கிறேன்” என்றான் கஸ்தோன். “காலையில லேட்டா வர்றேன்” என்றேன் நான். நல்ல சிரிப்பு.

அன்று நெலிடாவுக்கும் மாத்தே கிடைத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சோதிக்காமலே சரின்னு போட்டேன். முடியாதுன்னு சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். அந்தப் பெரியவர் படத்தைப் பேப்பர்ல பார்த்ததுலேர்ந்து சோறு எறங்கல.”

“இதுதாங்க துணிச்சல்!” என்று பியாங்கா கைதட்டினாள். நாங்களும் தட்டினோம். நெலிடா சொன்னதைப் பியாங்கா வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளை மேசையில் வைத்து நெலிடாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். “நாங்க ஒண்ணும் சொல்லலையே, நெலிடா. எல்லாம் நீ சொன்னதுதானே” என்றான் கஸ்தோன். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன், தூ!

பஸ் நிறுத்தம்வரை அவள் பின்னாலேயே போனேன்.

“அந்த நிரல் நான் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் என் பேரைச் சொல்லல?”

ஏதோ சின்னப் பிள்ளை கேட்டதுபோல் என்னைப் பார்த்தாள்.

“யாரையும் குறை சொல்லக் கூடாதுன்னாங்கள்ல, வால்டெர்? உன் முறை வந்தப்ப நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்.”

பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அலுவலகத்துக்குத் திரும்பி ஓடி அதைச் சொல்லியிருக்கலாம். நான் அங்கேயே நின்று அவளை ஏற்றிவிட்டேன்.